கோணலூர் நால்வர் பயிற்சியைப் பங்கு போட்ட கதை

கோணலூர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த மாவட்டத்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பஸ் போகிற ஊர், தபால் ஆபீஸ் இருக்கிற ஊர், ஒரு தொடக்கப்பள்ளியும் இருக்கிற ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன். நம் கதை அந்தத் தொடக்கப்பள்ளியில் நடந்தது.

பள்ளியில் நாற்பத்து மூன்று பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் தாண்டவமூர்த்தி ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பவர். இருதயமேரி டீச்சர் கண்டிப்பானவர். பள்ளியில் பிள்ளைகளையும் வீட்டில் கணவரையும் திருத்திக்கொண்டே இருப்பார். நூருல்லா சார் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். பூவலிங்கம் சார் ஓயாமல் பேசுவார், கேட்க ஆள் இல்லாவிட்டால் கரும்பலகையிடம் பேசுவார்.

நால்வரும் பதினோரு வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். எதையும் நாலு பங்கு போட்டுச் செய்வது அவர்கள் வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குத் தாண்டவமூர்த்தி வீட்டிலிருந்து சோறு வரும், இருதயமேரி வீட்டிலிருந்து குழம்பு வரும், நூருல்லா வீட்டிலிருந்து பொரியல், பூவலிங்கம் வீட்டிலிருந்து அப்பளம். பள்ளி மணி அடிப்பதும் அப்படித்தான். ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் தொங்குகிற தண்டவாளத் துண்டை ஆடாமல் பிடிப்பார், ஒருவர் அடிப்பார், நான்காமவர் "அடிச்சாச்சா?" என்று கேட்பார். அவர் கேட்காத நாளில் பள்ளி விட நேரமாகும்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் குணவதி பள்ளியைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் எல்லாரும் கைகட்டி, வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் பிள்ளையிடம் அவர் பெயரைக் கேட்டார். அது விரலை எடுக்கலாமா என்று ஆசிரியர்களைப் பார்த்தது. அனுமதி கொடுப்பது யார் பங்கு என்று இதுவரை பிரித்துக்கொள்ளாததால் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கால் மணி நேரம் போயிற்று.

குணவதிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது பள்ளிக்கூடமா, மௌன விரத மடமா? பிள்ளைங்க வாயைத் திறக்க வேண்டாமா? நாலு பேரும் மொதல்ல பயிற்சிக்குப் போங்க. அடுத்த மாசம் திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, உங்க நாலு பேரையும் நாலு பள்ளிக்கூடத்துக்குப் பிரிச்சு மாத்திடுவேன்."

அன்று மதியம் நால்வரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்படின்னா, நான் போற இடத்துல எனக்கு வெறும் சோறுதானா?" என்றார் தாண்டவமூர்த்தி.

"உங்களுக்காவது சோறு சார். நான் குழம்பை டம்ளர்ல ஊத்திக் குடிக்கணும்" என்றார் இருதயமேரி.

"தெனமும் அவரைக்காய்ப் பொரியலை மட்டும் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றார் நூருல்லா.

"எனக்கு இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. பதினாலு வருஷமும் ரெண்டே ரெண்டு அப்பளமா?" என்று சொல்லிப் பூவலிங்கம் அழுதுவிட்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஒரே வீட்டில் நாலையும் சமைக்கலாமே என்று நீங்களும் நானும் நினைக்கிறோம். அப்படி நினைப்பதற்குக் கோணலூர்ப் பள்ளியில் ஐந்தாவதாக ஓர் ஆள் தேவை. அரசாங்கம் அந்தப் பணியிடத்தை இன்னும் ஒதுக்கவில்லை.

பயிற்சியின் பெயர் 'ஈடுபாட்டோடு கற்கும் வகுப்பறை'. இரண்டு நாள், பக்கத்து டவுனில். பயிற்சி கொடுத்த கருத்தாளர் சகாயராஜ் நல்ல மனிதர். சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு, "எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க பார்ப்போம்" என்று கலகலப்பாகத் தொடங்கினார்.

தாண்டவமூர்த்தி பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பி வணக்கம் வைத்தார். "என் பேரு தாண்டவமூர்த்தி."

"வணக்கம் சார். நான் இருதயமேரி. நீங்க எந்தப் பள்ளிக்கூடம்?"

"கோணலூருங்க."

"அட! நானும் கோணலூர்தான் சார்!"

இருவருக்கும் தாங்க முடியாத சந்தோஷம். இவ்வளவு பெரிய கூட்டத்தில் சொந்தப் பள்ளிக்கூடத்து ஆள் பக்கத்திலேயே கிடைப்பது சாதாரணமா?

சகாயராஜ் ஒரு பெரிய சார்ட்டை ஒட்டினார். அதில் நாலே நாலு விஷயம் இருந்தது. நாற்பது நிமிடப் பாடத்தில் ஆசிரியர் எட்டு நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது, மிச்சத்தைப் பிள்ளைகள் பேச வேண்டும். பிள்ளை என்ன பதில் சொன்னாலும் தப்பு என்று முகத்தில் அடிக்கக்கூடாது, பாராட்ட வேண்டும். ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் கண் மட்டத்தில் பேச வேண்டும். பாடத்தை அறைக்குள்ளேயே முடக்காமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும்.

நாலு விஷயம் என்று கண்ணில் பட்டதும் கோணலூர் நால்வரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டீயும் போண்டாவும் வருவதற்குள் பங்கு பிரித்து முடித்துவிட்டார்கள்.

"உட்கார்றதை நான் எடுத்துக்கறேன்" என்றார் தாண்டவமூர்த்தி. தலைமையாசிரியர் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

"தப்புன்னு சொல்லக்கூடாதாமே, அதை எனக்குக் கொடுங்க. வீட்டுல நாள் பூரா சொல்லிக்கிட்டே இருக்கேன், பள்ளிக்கூடத்துலயாவது கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்றார் இருதயமேரி.

"வெளியே போறது என் வேலை" என்றார் நூருல்லா.

மிஞ்சியது பேசாமல் இருப்பது. அது பூவலிங்கத்தின் தலையில் விழுந்தது. அவர் போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் முடிவில் சகாயராஜ், "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நாலும் சேர்ந்தாத்தான் வகுப்பு" என்றார்.

"சத்தியமான பேச்சு. நாலும் சேர்ந்தாத்தானே சாப்பாடே" என்று தாண்டவமூர்த்தி எழுந்து நின்று கைதட்டினார். சகாயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் சந்தோஷப்பட்டார்.

திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கினார்கள். ஒன்றும் இரண்டும் சேர்ந்த வகுப்பில் தாண்டவமூர்த்தி தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் அவர் கண் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. குனிந்து பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் குப்புறப் படுத்தார். இப்போது பிள்ளைகளின் கண் மேலே போய்விட்டது. "நீங்களும் படுங்க கண்ணுகளா" என்றார். பதினோரு பிள்ளைகளும் சுற்றிலும் படுத்தன. கண்கள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தன. மின்விசிறி ஓடியது. ஐந்து நிமிடத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

சத்துணவுக்கு எத்தனை பேர் என்று எண்ண வந்த சமையலம்மா வாசலிலிருந்து பார்த்தார். தலைமையாசிரியரும் பதினோரு பிள்ளைகளும் அசையாமல் கிடக்கிறார்கள். அவர் போட்ட கூச்சலில் பாதி ஊர் ஓடி வந்துவிட்டது. ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார், ஒருவர் ஆட்டோவைக் கிளப்பினார். தாண்டவமூர்த்தி ஒரு கண்ணைத் திறந்து, "சத்தம் போடாதீங்க, வகுப்பு நடக்குது" என்றார்.

மூன்றாம் வகுப்பில் இருதயமேரி வாய்ப்பாடு கேட்டார். "ஏழெட்டு எத்தனை?"

செல்லக்கிளி என்ற பெண் எழுந்து, "அம்பத்து நாலு டீச்சர்" என்றாள்.

டீச்சருக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அருமையான முயற்சி" என்றார். அடுத்தவன் அறுபது என்றான், அதுவும் அருமை. மற்றொருவன் நூறு என்றான், கைதட்டச் சொன்னார். கடைசியில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஐம்பத்தாறு என்றது. டீச்சருக்கு வியர்த்துவிட்டது. இதைச் சரி என்றால் மற்ற மூன்றும் தப்பு என்று ஆகிவிடுமே! நெடுநேரம் யோசித்து, "பரவாயில்லை, மனசு விட்டுடாதே, அடுத்த தடவை இன்னும் நல்லாச் சொல்லு" என்று அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார். வாரக் கடைசியில் பிள்ளைகள் கூடிப் பேசி ஏழெட்டு எழுபது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

நூருல்லா நான்காம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். பாடம் முடிந்தது. பிள்ளைகள் உள்ளே போகலாமா என்று கேட்டார்கள். அவர் தன் பங்கை நினைத்துப் பார்த்தார். வெளியே கூட்டிப்போக வேண்டும் என்றுதான் இருந்ததே தவிர, திரும்ப உள்ளே கூட்டிவருவது பற்றி சார்ட்டில் ஒரு வரிகூட இல்லை. மழை பிடித்துக்கொண்டது. தாண்டவமூர்த்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நூருல்லா சார், உள்ள வாங்க!"

"எப்படி சார் வர முடியும்? உள்ள கூட்டிட்டு வர்றது யார் பங்கு?"

தாண்டவமூர்த்தி திரும்பி மற்ற இருவரையும் பார்த்தார். யாருடைய பங்கும் இல்லை. "அப்ப நில்லுங்க" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். பிள்ளைகளுக்கு ஆனந்தம். பெற்றோர் குடை கொண்டு வந்தார்கள். நல்லவேளையாகச் சமையலம்மா, "சாப்பாடு ஆறுது, உள்ள வாங்கடா" என்று கூப்பிட்டார். பயிற்சிக்கே போகாத அந்த அம்மாவால்தான் நான்காம் வகுப்பு அன்று கரையேறியது.

ஐந்தாம் வகுப்பில் பூவலிங்கத்தின் நிலைமைதான் மோசம். எட்டு நிமிடத்தில் மூன்று நிமிடம் வருகைப் பதிவுக்குப் போய்விடும். மிச்ச ஐந்தில் அவர் தன் மாமனார் ஊருக்குப் போன கதையைத் தொடங்கி, பஸ் ஏறும் இடத்திலேயே நேரம் முடிந்துவிடும். பிறகு முப்பத்திரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பார். முகம் சிவந்துவிடும்.

ஒரு நாள் அவருடைய நேரம் முடிந்த பிறகு ஓர் ஆடு உள்ளே வந்து, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய சார்ட்டைத் தின்னத் தொடங்கியது. பூவலிங்கத்துக்குச் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டினார்.

"மாடு!" என்றான் ஒருவன்.

அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, தாடையில் கை வைத்துத் தாடி காட்டினார்.

"தாடி வச்ச மாடு!"

அவர் வாயை அசைத்து மென்று காட்டினார்.

"சார் பசிக்குதுங்கிறாரு!"

"இல்லடா, கல்வி அலுவலர் வந்திருக்காங்கன்னு சொல்றாரு!"

எத்தனை நாள் பாடம் நடத்தினாலும் வாய் திறக்காத பிள்ளைகள் அன்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆடு 'வீட்டு விலங்குகள்' சார்ட்டை நிதானமாகத் தின்று முடித்துவிட்டு வந்த வழியே போயிற்று.

குணவதி வருவதற்கு முதல் நாள் நால்வரும் கூடி ஆலோசித்தார்கள். பூவலிங்கம் அன்றைய எட்டு நிமிடத்தை இதற்காகவே மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

"எனக்கு ஒரு கவலை சார். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நீங்க உட்கார்றது மட்டும்தான் கெடைக்குது. மூணுக்குப் பாராட்டு மட்டும். நாலுக்கு வெளியே போறது மட்டும். அஞ்சுக்கு என் மௌனம் மட்டும். ஒரு பந்தியில சோறு மட்டும், ஒரு பந்தியில குழம்பு மட்டும் போட்டா எவன் சாப்பிடுவான்? நாலும் சேர்ந்தாத்தான் வகுப்புன்னு அவர் சொன்னாரே!"

மூவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"அப்படின்னா?" என்றார் தாண்டவமூர்த்தி.

"நாற்பத்து மூணு பிள்ளைங்களையும் ஒரே ரூம்ல உட்கார வச்சு, நாம நாலு பேரும் ஒரே நேரத்துல நடத்தணும்."

"நான் வெளியேல்ல இருக்கணும்?" என்றார் நூருல்லா.

"நீங்க ஜன்னலுக்கு வெளியே நில்லுங்க. அளவா இருக்கும்."

மறுநாள் காலை குணவதி வந்தார். பெரிய வகுப்பின் வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரையில் தாண்டவமூர்த்தி குப்புறப் படுத்திருந்தார். இருதயமேரி கைதட்டுவதற்குத் தயாராகக் கையை விரித்துக்கொண்டு நின்றார். நூருல்லாவின் முகம் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தெரிந்தது. பூவலிங்கம் ஒரு மாலையோடு முன்னால் வந்து வரவேற்புரை ஆற்றினார். உற்சாகத்தில் எட்டு நிமிடமும் அதிலேயே போய்விட்டது. "ஆகவே அம்மையார் அவர்களை" என்பதோடு வாயை மூடிக்கொண்டார்.

குணவதி தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "யாராவது சொல்லுங்க, ஏழெட்டு எத்தனை?"

"எழுபது!" என்று நாற்பத்து மூன்று பேரும் கத்தினார்கள்.

"அருமை!" என்றார் இருதயமேரி.

"என்ன அருமை? தப்பும்மா! அம்பத்தாறு!"

தப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இருதயமேரியின் முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு அலுவலரின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னதும் நல்ல முயற்சிதான் மேடம். மனசு விட்டுடாதீங்க." பிள்ளைகள் அலுவலருக்குக் கைதட்டினார்கள்.

குணவதிக்குத் தலை சுற்றியது. உட்கார ஒரு நாற்காலியை இழுத்தார். அது மூன்று கால் நாற்காலி. நான்காவது கால் உடைந்த நாளிலிருந்து செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள், அவர் இழுத்ததும் செங்கல் பின்தங்கிவிட்டது. இதைப் பார்த்த ஒரே ஆள் பூவலிங்கம். அவர் வாயோ மூடியிருந்தது. பதறிப்போய் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

தன் காலைத் தட்டிக் காட்டினார்.

"கால்! மூணு கால்!"

"சாருக்கு மூணு காலா?"

"முக்காலி!"

"ஓட்டப்பந்தயம்! மூணு கால் ஓட்டம்!"

போன மாதம் பெயரைக்கூடச் சொல்லாத அந்த முன் பெஞ்சுப் பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தியது. குணவதிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பள்ளிகளைப் பார்த்திருப்பார், இப்படி ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் பேசுகிற வகுப்பை அவர் பார்த்ததே இல்லை. நெகிழ்ந்துபோய், "அடடா, அடடா" என்றபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

விழுந்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. தரையில் கிடந்த அலுவலருக்கு நேர் எதிரே, அதே கண் மட்டத்தில், தாண்டவமூர்த்தியின் முகம் இருந்தது.

"என் பங்கையும் நீங்களே செஞ்சுட்டீங்களே மேடம்" என்றார் அவர் நன்றியோடு.

குணவதி நல்லவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து, பார்வைப் புத்தகத்தில் ஒரு பக்கம் பாராட்டி எழுதினார். நால்வரும் பூரித்துப்போய் நின்றார்கள். எழுதி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"இந்தத் திறமை ஒரே பள்ளிக்கூடத்துல முடங்கிக் கிடக்கக்கூடாது. உங்க நாலு பேரையும் நாலு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லப்போறேன்."

வாயைத் திறக்காவிட்டாலும் பிரிப்பார்கள், திறந்தாலும் பிரிப்பார்கள் என்றால் மனிதன் என்னதான் செய்வது? ஜன்னலுக்கு வெளியே நூருல்லா விசும்புவது கேட்டது. பூவலிங்கம் இரண்டு அப்பளத்தைக் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். "நிலா! ரெண்டு நிலா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

இருதயமேரிதான் காப்பாற்றினார். "நல்ல முயற்சி மேடம். ஆனா நாங்க அங்க போறதுக்குப் பதிலா, அவங்க இங்க வந்தா இன்னும் அருமையா இருக்கும்" என்றார். இடுப்பு வலியில் குணவதி மறுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் சுற்றுவட்டாரத்திலிருந்து நாற்பது ஆசிரியர்கள் இரண்டு நாள் பயிற்சிக்குக் கோணலூருக்கு வந்தார்கள். நால்வரும் வழக்கம்போல ஆளுக்குப் பத்துப் பேரைப் பிரித்துக்கொண்டார்கள். பத்துப் பேர் தாண்டவமூர்த்தியோடு தரையில் படுத்தார்கள். பத்துப் பேர் இருதயமேரியிடம் பாராட்டு வாங்கினார்கள். பத்துப் பேரை நூருல்லா வெளியே கூட்டிப்போனார், சமையலம்மா கூப்பிடும்வரை அவர்கள் திரும்பவில்லை. பத்துப் பேர் பூவலிங்கத்தின் எதிரில் எட்டு நிமிடம் மாமனார் ஊர்க் கதையைக் கேட்டுவிட்டு, மிச்ச இரண்டு நாளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஆளுக்குக் கால் பங்கு கற்றுக்கொண்டு போனவர்களால் அதன்பிறகு தனியாக ஒரு வகுப்புக்குள் நுழைய முடியவில்லை. அந்த வட்டாரம் முழுக்க நாலு பேர் சேர்ந்தால்தான் பாடம் என்று ஆகிவிட்டது. குணவதிக்கும் அந்த முறை பிடித்துப்போயிற்று.

"நானும் இத்தனை நாளா ஒண்டியாப் பார்க்கறேன், ஒண்டியாக் கேள்வி கேக்கறேன், ஒண்டியாப் பதிலைக் கேட்டுக்கறேன், ஒண்டியா எழுதறேன். அதான் இடுப்பு இப்படி வலிக்குது" என்று சொல்லி மேலிடத்தில் மூன்று பேரைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து ஆய்வுக்கு நாலு அலுவலர்கள் போனார்கள். குணவதி பார்ப்பார். இரண்டாமவர் கேள்வி கேட்பார். மூன்றாமவர் பதிலைக் காதில் வாங்கிக்கொள்வார். நான்காமவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர்கள் அதிகம், இரண்டு பேர் உபரி. அலுவலர்கள் பள்ளியை நேரில் பார்த்து அறிக்கை அனுப்பினால் அந்த இரண்டு பேரையும் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்று இருந்தது.

"ரெண்டு பேர்னா எந்த ரெண்டு?" என்றார் நூருல்லா. "சோறும் குழம்பும் இங்க இருந்துக்கிட்டு, பொரியலும் அப்பளமும் போகணுமா?"

"சோறும் குழம்பும் போயிட்டா, பொரியலையும் அப்பளத்தையும் வச்சுக்கிட்டு இங்க என்ன பண்றது?" என்றார் இருதயமேரி. அன்று நால்வரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஆய்வு நாள் வந்தது. குணவதிக்கு அன்று மகளின் வளைகாப்பு, விடுப்பில் இருந்தார். மற்ற மூவரும் கோணலூருக்கு வந்து பள்ளி மைதானத்தின் நடுவில் நின்றார்கள். பார்ப்பது அவர்கள் பங்கு இல்லை என்பதால் மூவரும் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கேள்வி கேட்பவர், "இங்க பள்ளிக்கூடம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு!" என்று பிள்ளைகள் கத்தியதைக் காதில் வாங்குபவர் வாங்கிக்கொண்டார். எழுதுகிறவர் நேர்மையானவர். 'கேட்டோம். பதில் கேட்டது. பள்ளியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் மேலிடத்துப் பதில் வந்தது. தாண்டவமூர்த்தி உறையைக் கிழிக்க, இருதயமேரி தாளை எடுக்க, நூருல்லா பிரிக்க, பூவலிங்கம் வாசித்தார்.

'மூன்று அலுவலர்கள் நேரில் சென்றும் பார்க்க முடியாத பள்ளி, அங்கே இருப்பதாகக் கொள்ள இயலாது. இல்லாத பள்ளியில் உபரி ஆசிரியர் இருக்க வழியில்லை. ஆகவே மாறுதல் ரத்து செய்யப்படுகிறது.'

நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரும் எங்கேயும் போக வேண்டாம்! தாண்டவமூர்த்தி சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். ஆனால் இருதயமேரி அந்தத் தாளை மறுபடி ஒரு தரம் பார்த்தார்.

"சார், மாறுதல் ரத்து, சந்தோஷம். ஆனா பள்ளிக்கூடம் இல்லைன்னு போட்டிருக்கே?"

"அரசாங்கக் கடிதம் டீச்சர். சீல் இருக்கு. தப்பா இருக்காது" என்றார் தாண்டவமூர்த்தி.

"அப்படின்னா நாளைக்குப் பிள்ளைங்க எங்க வருவாங்க?"

நால்வருக்கும் பகீரென்றது. மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏட்டையா புகார்த் தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்னய்யா காணோம்?"

"எங்க பள்ளிக்கூடத்தைக் காணோம் சார்."

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் ஏதோ நினைத்துத் திரும்ப எடுத்தார். "கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

தாண்டவமூர்த்தி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இப்பத்தான் சார், பூட்டிட்டு நேரா இங்கதான் வர்றோம். சாவி பத்திரமா இருக்கு, பள்ளிக்கூடத்தை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுத்தாப் போதும்."